வினாசித்தம்பி ஒத்துழைக்கவில்லை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கனகேஸ்வரிக்கு ஒரு தையல் கடை இருந்தது. இரண்டு மெஷின், ஒரு மேசை விசிறி, தைக்கக் கொடுத்த பிளவுஸ் இன்னும் முடியவில்லை என்று கேட்டு வருகிறவர்கள் இருந்து கோபிப்பதற்கு ஒரு நீள மர வாங்கு. அவ்வளவுதான் கடை. கணவர் இறந்த பிறகு அவளுடைய சீவியமும் அந்தக் கடைதான்.

வாசலுக்கு மேலே ஒரு தகரப் பலகை. பெரிய எழுத்தில் ‘கனகா தையலகம்’. அதன் கீழே, கொஞ்சம் சாய்வாக, ‘பட்டு நெசவுப் பரம்பரை’. அந்த இரண்டாவது வரியை எழுதியவர் அவளுடைய அப்பா. முப்பது வருடங்களுக்கு முன்னர் கடை திறந்த அன்று, ஏணியில் ஏறித் தன் கையாலேயே எழுதினார்.

“என்ர பாட்டன் வினாசித்தம்பி, உனக்குப் பூட்டன், பட்டுத்தறியளுக்கு நடுவில நிண்ட மனுசன்,” என்று அப்பா சொல்லுவார். “அவர் ஒருநாள் வராட்டி அண்டைக்கு ஒரு தறியும் ஓடாது.”

அப்பா அதை ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். கனகேஸ்வரி அதைத் தன் வாடிக்கையாளருக்கு ஐயாயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள். யாரும் அதற்கு ஆதாரம் கேட்டதில்லை, இந்த வருடம் ஆவணி மாதம் வரை.

ஆவணியில் ஒரு பதிவுத் தபால் வந்தது. அனுப்பியது ‘பரம்பரைத் தொழில் உறுதிப்பாட்டு அதிகாரசபை’. அப்படி ஒன்று இருப்பது கனகேஸ்வரிக்கு அன்றுதான் தெரியும். கடிதம் இப்படி இருந்தது:

‘தங்களது வியாபார ஸ்தலத்தின் பெயர்ப்பலகையில் பரம்பரை எனும் சொல் காட்சிப்படுத்தப்பட்டுள்ளமை எமது அவதானிப்புக்கு உட்பட்டுள்ளது. குறித்த பரம்பரையை இருபத்தொரு நாட்களுக்குள் நிரூபிக்குமாறும், தவறும் பட்சத்தில் ஸ்தலம் முத்திரையிடப்படும் என்பதையும் மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்.’

கல்யாணக் காலம். மேசையில் பதினான்கு பிளவுஸ் வெட்டியபடி கிடந்தன, அதிலொன்று மணப்பெண்ணுடையது. கனகேஸ்வரி கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனாள். அங்கே பொத்தானும் லேஸும் விற்கிற மஸாஹிரா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

“ஸீல் வைக்கிறதுக்கு இவங்களுக்கு என்ன மகிழ்ச்சி அக்கா?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்.”

“போர்ட்ல அந்த வரிய அழிச்சுப் போடுங்களே. வேல முடிஞ்ச.”

கனகேஸ்வரி வெளியே வந்து பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அழித்தால் அது பொய் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். முப்பது வருடம் சொன்ன கதை. அதைவிட, அப்பா செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. வந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவரால் முடியாது.

“போய்ப் பாப்பம்,” என்றாள்.

*

அதிகாரசபை கொம்பனித்தெருவில், பழைய லைன் வீடுகளை இடித்துக் கட்டிய ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினேழாம் மாடியில் இருந்தது. உள்ளே இரண்டு கருமபீடங்கள். ஒன்றில் ‘உயிருடன் உள்ள மூதாதையர்’ என்றும் மற்றதில் ‘ஏனைய மூதாதையர்’ என்றும் எழுதியிருந்தது. முதலாவதற்கு முன்னால் ஒருவரும் இல்லை. அதன் பின்னால் ஒரு உத்தியோகத்தர், மடித்து வைத்த ஒரு துவாயைத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதற்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

சுவரில் ஒரு பெரிய திரை. அதில் பணிப்பாளர் நாயகம் சிவானந்தன் கோட் போட்டுக்கொண்டு பேசினார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து பேசினார். கனகேஸ்வரி தன் முறை வருவதற்குள் அந்தப் பேச்சைப் பதினொரு தடவை கேட்டாள்.

“எமது அதிகாரசபை பிறந்து ஆறு ஆண்டுகள். இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு பிழையான சான்றிதழைக்கூட நாம் வழங்கியதில்லை. சரியான சான்றிதழையும் வழங்கியதில்லை. அவசரப்படுவது எமது பண்பாடு அல்ல. நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களை நிராகரித்திருக்கிறோம் என்பதை இத்தருணத்தில் பணிவுடன் கூறிக்கொள்கிறேன்.”

கருமபீடத்தில் நப்ரீஸ் என்ற உத்தியோகத்தர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல முகம்.

“பூட்டனார் வந்தீக்காரா அக்கா?”

“அவர் செத்து எண்பது வருசமாச்சுது, தம்பி.”

“அப்ப இண்டைக்கு வரமாட்டார்,” என்று நப்ரீஸ் எழுதிக்கொண்டார். “அவர்ட சம்மதக் கடிதம் ஈக்கிதா? அவர்ட பரம்பரைய நீங்க பாவிக்கிறதுக்கு?”

“இல்லை.”

“இந்தக் கூட்டுல அவர் கையொப்பம் வைக்கணும். ஏலாட்டி காரணத்துக்கு ஒரு புள்ளடி போடுங்க.”

படிவத்தில் மூன்று காரணங்கள் இருந்தன: வெளிநாட்டில் உள்ளார், சுகவீனமுற்றுள்ளார், வேறு. கனகேஸ்வரி மூன்றாவதற்குப் புள்ளடி போட்டு ‘இறந்துவிட்டார்’ என்று எழுதினாள். நப்ரீஸ் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“‘வேறு’ எண்டு போட்டா தற்காலிகமா நிரந்தரமா எண்டும் எழுதணும் அக்கா.”

நிரந்தரம் என்று எழுதினாள்.

பிறகு அவர் தேவையானவற்றைச் சொன்னார். மூதாதையரின் தொழிலைக் காட்டும் பதிவு ஒன்று. இரண்டு காதும் தெரியும்படி அவருடைய படம். அவரை நேரில் அறிந்த, அவருக்கு உறவில்லாத இருவரின் கடிதம்.

“அவரை நேரில அறிஞ்ச ஆக்கள் இப்ப ஆர் உயிரோட இருக்கப் போகினம்?”

நப்ரீஸ் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அதப் பத்திக் கவலப்படாதீங்க. குறைவா ஈக்கிற ஃபைலத்தான் நாங்க விசாரணைக்கு அனுப்புற. நிறைவா வந்த ஃபைல என்ன செய்யிற எண்டு இன்னும் சுற்றறிக்கை வரல்ல.”

*

அப்பாவின் தகப்பன், அதாவது வினாசித்தம்பியின் மகன், கொழும்பில் பிறந்தவர் என்று கனகேஸ்வரிக்குத் தெரியும். அவருடைய பிறப்புப் பதிவின் பிரதிக்கு விண்ணப்பித்தாள். ஒன்பதாம் நாள் அது கிடைத்தது. பிறந்த ஆண்டு 1904. பிறந்த இடம்: கொட்டாஞ்சேனை, பட்டறை வளவு. தந்தையின் பெயர்: வினாசித்தம்பி. தந்தையின் தொழில் என்ற கூட்டில், வளைந்து வளைந்து ஓடிய பழைய கையெழுத்தில், இரண்டு சொற்கள் இருந்தன.

பட்டறைச் சமையல்.

கனகேஸ்வரி அதைக் கடையில் வந்திருந்து வாசித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தாள். தாளைத் தூரப் பிடித்தும் வாசித்தாள்.

“சமையலா?” என்றாள் மஸாஹிரா.

“அப்பிடித்தான் கிடக்கு.”

“அப்ப நெசவு?”

கனகேஸ்வரி மெஷின் பக்கம் திரும்பினாள். மெஷினில் மணப்பெண்ணின் பிளவுஸ் அரைவாசியில் நின்றது. இந்தப் பிளவுஸைக் கொடுத்த பெண்ணின் தாய்க்கும் அவள்தான் தைத்தவள். அந்தத் தாயிடமும் சொல்லியிருக்கிறாள், பட்டு எங்கட இரத்தத்தில ஓடுது என்று. இப்போது அந்த இரத்தத்தில் குழம்பு கொதிப்பது போல இருந்தது.

மஸாஹிரா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “அக்கா, இதுல ‘பட்டறை’ எண்டுதானே ஈக்கிது? பட்டு அறை. அந்த மிச்சச் சொல்லுக்கு மேல கொஞ்சம் தேத்தண்ணி ஊத்திட்டா?”

“சும்மா இரு.”

“நான் சும்மாதான் சொன்ன. தேத்தண்ணி ஈக்கிது எண்டு.”

அடுத்த நாள் இருவரும் பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். பட்டறை வளவு என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கோவிலடியில் கேட்டார்கள், மாதா கோவிலடியில் கேட்டார்கள். ஒரு ஓட்டோக்காரர் எந்தப் பட்டறை என்று கேட்டுவிட்டு மூன்று கராஜ்களைக் காட்டினார். கடைசியில் துறைமுகப் பக்கம் போகும் ஒரு குறுக்குத் தெருவில், குழாயும் வயரும் விற்கும் கடையொன்றின் முதலாளி கேள்வியைக் கேட்டுவிட்டுப் பின்பக்கமாக விரலைக் காட்டினார். அவர் பெயர் ஹமீட்.

“பட்டறையெண்டு எனக்குத் தெரியா. ஆனா அந்தப் படத்துல என்னமோ எழுதீக்கிது. நான் கடைய வாங்கக்குள்ளயே அது ஈந்த. ஆணி துருப்பிடிச்சுக் கழட்ட ஏலாமப் போச்சு. பின்னால சுவர் ஈரம், அதால நல்லதுதானே எண்டு விட்டுட்டன்.”

பிளாஸ்டிக் குழாய்க் கட்டுகளை ஒதுக்கிக்கொண்டு கனகேஸ்வரி உள்ளே போனாள். கண்ணாடிக்குள் மங்கலாக ஒரு பெரிய படம். பன்னிரண்டு ஆண்கள் இரண்டு வரிசையில், தலைப்பாகையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பின்னால் தறிகள். கீழே ஒரு வரி: ‘பட்டு நெசவுப் பட்டறை, கொட்டாஞ்சேனை, 1906.’ அதன் கீழே பெயர்கள்.

படத்தின் வலது ஓரத்தில் பதின்மூன்றாவது ஆள் ஒருவர் நின்றார். தலைப்பாகை இல்லை. இடுப்பில் ஒரு துண்டு. காலடியில் பெரிய சோற்றுப் பானை, கையில் அகப்பை. மற்றவர்கள் எல்லாம் கமராவைப் பார்க்க, இவர் மட்டும் பக்கவாட்டில் திரும்பிப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வரிசையின் கடைசியில், ‘வினாசி - சமையல்’.

பக்கவாட்டில் பார்த்ததால் மூக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த மூக்கைக் கனகேஸ்வரி தினமும் காலையில் முகம் கழுவும்போது பார்க்கிறாள்.

“அல்லாவே,” என்றாள் மஸாஹிரா. “அக்கா, இது நீங்க.”

கனகேஸ்வரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் ஒரு குழாய்க் கட்டைப் பிடித்துக்கொண்டாள். பட்டுத்தறியளுக்கு நடுவில நிண்ட மனுசன். அவர் ஒருநாள் வராட்டி அண்டைக்கு ஒரு தறியும் ஓடாது. அப்பா ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு பேருக்கும் சோறு போட்டவர் வராவிட்டால் எந்தத் தறி ஓடும்? அகப்பையை மட்டும்தான் அப்பா சொல்லாமல் விட்டிருந்தார். சிரிப்பு எங்கேயோ ஓரிடத்தில் கண்ணீராக மாறியது; ஹமீட் அவசரமாக ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஒங்கட ஆளா? அப்ப படத்தக் கொண்டு போங்க. ஆணிய மட்டும் நீங்களே கழட்டிக்கொள்ளுங்க.”

ஆணி கழலவில்லை. மஸாஹிரா தன் கைத்தொலைபேசியில் படத்தைப் படம் எடுத்தாள்.

*

விசாரணைக்கு முன்னர் நப்ரீஸ் பிரதிகளைச் சரிபார்த்தார்.

“ஒரு காதுதானே தெரியுது அக்கா?”

“மற்றக் காது அங்காலை இருக்கு, தம்பி.”

“இருக்கும், இருக்கும்,” என்று அவர் குறித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “ஒங்களுக்கு இண்டைக்குக் கிடைக்கும், பயப்படாதீங்க. ஆறு வருசமா ஒண்டும் குடுக்கல்ல, ஏன் எண்டு மேலிடத்திலயிருந்து கடிதம் வந்தீக்கி. மாசம் முடியிறத்துக்குள்ள ஒண்டாவது குடுத்தாகணும். சேர் சொல்றதுக்கெல்லாம் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க.”

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பணிப்பாளர் நாயகம் சிவானந்தன். இடப்பக்கம் மொழி ஆலோசகர். வலப்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு உணர்வுப் பரிசோதகர் என்ற ஒருவர். கனகேஸ்வரி இருந்த கதிரை மற்றவர்களுடையதைவிட நாலு விரல் தாழ்ந்து பதிவாக இருந்தது.

மொழி ஆலோசகர் பிறப்புப் பதிவைக் கையில் எடுத்தார்.

“பட்டு, கூட்டல், அறை. உகரம் கெட்டுப் பட்டறை எண்டு புணர்ந்திருக்கு. ஆகவே வினாசித்தம்பி அவர்கள் பட்டு அறையில இருந்தவர். மிகத் தெளிவு.”

“அது பட்டறை ஐயா,” என்றாள் கனகேஸ்வரி. “வேலை செய்யிற இடம். இரும்புப் பட்டறை எண்டு சொல்லுறமெல்லோ.”

“இரும்புப் பட்டறையை வேறொரு கூட்டத்தில பாப்பம்.”

“பக்கத்தில சமையல் எண்டும் கிடக்கு.”

“பட்டுக்கூட்டைக் கொதிநீரில அவிச்சுத்தானே நூல் எடுக்கிறது? அதுதான் சமையல். அந்தக் காலத்துத் தொழில்நுட்பச் சொல்.”

கனகேஸ்வரி படத்தின் பிரதியை மேசையில் வைத்தாள். “இந்தாள்தான் ஐயா என்ர பூட்டன். சமையல்காரர். நெசவாக்களுக்குச் சோறு சமைச்சவர். கையில அகப்பை இருக்குப் பாருங்கோ.”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். சிவானந்தன் கண்ணாடியைக் கழற்றினார்.

“அகப்பை எண்டு நீங்கள் சொல்லுறீங்கள். தறியில ஓடுற நாடாவாயும் இருக்கலாம்.”

“இவ்வளவு பெரிய நாடாவோ?”

“அந்தக் காலத்தில எல்லாம் பெரிசு.”

“காலடியில பானையும் கிடக்கு ஐயா.”

சிவானந்தன் கதிரையில் சாய்ந்தார். அவர் குரல் திரையில் கேட்ட குரலாக மாறியது. “அம்மா, நான் உங்களுக்கு ஒண்டை விளங்கப்படுத்த வேணும். இந்த அதிகாரசபை மூதாதையரைக் கௌரவிக்கிறதுக்காக உருவாக்கப்பட்டது. மூதாதையர் என்ன செய்தவை எண்டது எங்களுக்கு இரண்டாம்பட்சம். அவையள் என்ன செய்திருக்க வேணும் எண்டதைத்தான் நாங்கள் உறுதிப்படுத்துறது. நீங்கள் உண்மை உண்மை எண்டு குறுக்க நிண்டா நாங்கள் எப்பிடி வேலை செய்யிறது?”

கனகேஸ்வரிக்கு நப்ரீஸ் சொன்னது ஞாபகம் வந்தது. ஓம் என்றால் முடிந்தது. கடை தப்பும். பதினான்கு பிளவுஸும் நேரத்துக்குப் போகும். பலகையில் ஒரு எழுத்துக்கூட மாறாது. அவள் படத்தைப் பார்த்தாள். நாடாவாகவும் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட அகப்பையோடு வினாசித்தம்பி பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பரிசோதகர் எழும்பினார். இனி நடப்பது வெறும் சம்பிரதாயம் என்று சொல்லி அவளுடைய கண்ணைக் கட்டினார். பரம்பரைத் துடிப்புப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். கண்ணாடிப் பெட்டிக்குள் அதிகாரசபையின் மூலப் பட்டு இருந்தது. அதைத் தொடும்போது மணிக்கட்டில் நாடி எகிற வேண்டும். எகிறினால் பரம்பரை, எகிறாவிட்டால் வெறும் ஆள். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் எகிறவில்லை.

கனகேஸ்வரியின் விரல்கள் துணியில் பட்டன. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு தடவை தேய்த்தாள். ஓரத்தைத் தடவினாள்.

“நாடி எப்பிடி?” என்று சிவானந்தன் கேட்பது கேட்டது.

“அப்பிடியே கிடக்கு சேர்.”

“எகிறும், எகிறும். அம்மா, கொஞ்சம் உணர்ந்து தொடுங்கோ.”

“ஐயா,” என்றாள் கனகேஸ்வரி, “இது பட்டில்லை.”

யாரோ ஒரு கதிரையைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

“பொலியெஸ்டர். நல்ல பொலியெஸ்டர்தான், குறை சொல்லேல்லை. நான் உள்துணிக்குப் பாவிக்கிறனான்.”

கண்கட்டு அவிழ்ந்தபோது மூன்று பேரும் அவளைப் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளே ஓரத்தில் இருந்து ஒரு இழையை உருவி, நெருப்புப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். வாசலில் நின்ற நப்ரீஸிடம் ஒரு லைட்டர் இருந்தது. இழை சுருண்டு உருகி, கறுப்பு மணியாய்க் கட்டியது. பிளாஸ்டிக் எரிந்த மணம் வந்தது.

“பட்டெண்டா தலைமயிர் கருகின மாதிரி மணக்கும்,” என்றாள் கனகேஸ்வரி. “தொட்டு நொருக்கினா சாம்பலாப் போயிடும்.”

பரிசோதகர் மெல்லக் கதிரையில் இருந்தார். மொழி ஆலோசகர் பொலியெஸ்டர் என்ற சொல்லைத் தாளில் எழுதி அதைப் பிரிக்க முடியுமா என்று பார்த்தார். ஆறு வருடம். நானூற்றுப் பன்னிரண்டு பேர், நாடி எகிறாத குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

சிவானந்தன்தான் முதலில் தெளிந்தார். ஏறக்குறைய மகிழ்ச்சியோடு மேசையில் தட்டினார்.

“பாத்தீங்களா! கண்ணைக் கட்டி, ஒரே ஒரு தரம் தொட்டு! இது சாதாரண ஆளுக்கு வருமா? இது பிறப்பில வந்தது. பட்டு இவவின்ர இரத்தத்தில இருக்கு. சான்றிதழை எழுதுங்கோ. பரிசோதனையில வெற்றி. மாதிரித்துணி விசயம் இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும்.”

“இரத்தத்தில இல்லை ஐயா,” என்றாள் கனகேஸ்வரி. “விரலில இருக்கு. முப்பது வருசம் தைச்சதில வந்தது. முதல் நாலு வருசம் எனக்கும் தெரியாது. ஒருத்தியின்ர கூறைச்சேலையை இஸ்திரி போடேக்கை பொசுக்கித்தான் படிச்சனான்.”

சிவானந்தனின் முகம் வாடியது. “உழைச்சுப் படிச்சதுக்கு எங்களிட்டப் படிவம் இல்லை, அம்மா. பிறந்து வந்ததுக்குத்தான் இருக்கு.”

“அப்ப இந்தாளுக்கு ஒரு படிவம் தாங்கோ.” அவள் படத்தில் பதின்மூன்றாவது ஆளின் மேல் விரலை வைத்தாள். “எனக்குச் சான்றிதழ் தேவைதான். ஆனா இவருக்கு, இவர் செய்த வேலைக்குத் தாங்கோ. வேறை ஒருத்தற்ற வேலையை இவற்ற தலையில கட்டி ஒரு கடதாசி எனக்கு வேண்டாம்.”

“சமையலுக்கு எங்களிட்ட நிரல் இல்லை.”

“அப்ப உங்களிட்ட எனக்கு வேலை இல்லை ஐயா.”

அவள் எழும்பினாள். பதிவான கதிரையிலிருந்து எழும்புவது ஐம்பத்தெட்டு வயது முழங்காலுக்கு லேசாக இல்லை. நப்ரீஸ் ஓடிவந்து கை கொடுத்தார்.

*

நாலு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. முத்திரையிடுவதானால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பொலியெஸ்டரையும் எழுத வேண்டும். ஆகவே முத்திரை இல்லை. கோப்பு மூடப்பட்டது. குறிப்பு: ‘மூதாதையர் வினாசித்தம்பி விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை.’ இறுதியில் ஒரு கட்டளை: பெயர்ப்பலகையின் பொய்யான பகுதி அதிகாரசபையால் அழிக்கப்படும்.

அழிப்பதற்கு ஒரு ஏணி, ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட், இரண்டு உத்தியோகத்தர்கள், மேற்பார்வைக்கு நப்ரீஸ் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார்கள். கட்டளையில் பொய்யான பகுதி என்றுதான் இருந்தது. எந்தப் பகுதி என்று இல்லை. ஏணியின் மேல் நின்றவர் ‘பட்டு’ என்ற சொல்லில் தூரிகையை வைக்கப் போனார்.

“அது உண்மை தானே,” என்றார் நப்ரீஸ் கீழேயிருந்து. “பட்டுப் பட்டறை எண்டு படத்துலயே எழுதீக்கி.”

“அப்ப நெசவு?”

“அதுவும் அங்க நடந்ததுதானே.”

“பரம்பரை?”

“பிறப்புப் பதிவு ஈக்கிது. பேத்திட மகன்ட, இல்ல, மகன்ட மகன்ட மகள். உண்மைதான்.”

நப்ரீஸ் பணிப்பாளர் நாயகத்துக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியைத் திருப்பிப் பிடித்தார். ஒழுங்கையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“எந்தச் சொல்லு பொய்?” என்றது சிவானந்தனின் குரல்.

“ஒண்டும் பொய் இல்ல சேர். சேத்து வாசிச்சாத்தான் பொய்.”

தொலைபேசியில் நெடுநேரம் குசுகுசுப்பு. மொழி ஆலோசகரை அழைத்திருக்க வேண்டும். பிறகு கட்டளை வந்தது. ‘நெசவு’ என்ற சொல்லையும் ‘பரம்பரை’ என்ற சொல்லையும் இணைப்பது நடுவிலே உள்ள ‘ப்’. சொற்களைச் சேர்த்துப் பொய்யாக்குவது அதுதான். அதை அழிக்கவும்.

அழித்தார்கள். இரண்டு பூச்சு. அதிகாரசபையின் ஆறு வருட வரலாற்றில் அமுலாக்கப்பட்ட முதலாவது நடவடிக்கை அந்த ஒற்றெழுத்து. ஏணியில் நின்றவர் அதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு கனகேஸ்வரி மஸாஹிராவிடம் ஒரு ஸ்டூலை வாங்கி, தன்னிடமிருந்த கறுப்புப் பெயின்டையும் எடுத்தாள். மேலே ஏறி, வரியின் முடிவில் இடம் இருந்த அளவுக்குச் சின்னதாக எழுதினாள்: சமையல். எழுத்து அப்பாவுடையதைப் போல அழகாக வரவில்லை. ஆனால் வாசிக்க முடிந்தது. மணப்பெண்ணின் தாய் பிளவுஸ் எடுக்க வந்தபோது நிமிர்ந்து பார்த்து என்ன இது என்று கேட்டாள். கனகேஸ்வரி கதையை முழுவதும் சொன்னாள். அந்த அம்மா வாங்கில் இருந்து அரைமணி நேரம் சிரித்தாள். பழைய கதையை யாரும் அப்படி இருந்து கேட்டதில்லை.

ஆனால் பலகையில் எழுதினால் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் இடியப்பம் கேட்டு வந்தார்கள். நாலாவதாகத் தொலைபேசியில் வந்தது நப்ரீஸ்.

“அக்கா, ஒங்கட போர்ட்ட சேருக்குச் சொன்ன. எங்கட ஆண்டு விழாவுக்கு அறுபது பேருக்குச் சாப்பாடு வேணும். போட ஏலுமா?”

கனகேஸ்வரிக்குச் சோறு காய்ச்சினால் ஒன்று குழையும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். வினாசித்தம்பியிடமிருந்து அவளுக்கு வந்தது மூக்கு மட்டும்தான்.

“அதுக்கு என்ன படிவம் தம்பி நிரப்ப வேணும்?”

“சாப்பாட்டுக்கு நாங்க ஒண்டும் கேக்கிறல்ல அக்கா.”

அவள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தாள். “மஸாஹிரா, அறுபது பேருக்குப் புரியாணி போடுவியோ?”

மஸாஹிரா யோசிக்கவேயில்லை. “பார்சலா, சகனா?”

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கையிட்டு உண்பதுதான் சகன். கனகேஸ்வரி பதினேழாம் மாடியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். நாலு விரல் பதிவான கதிரையையும் நினைத்தாள்.

“சகன்,” என்றாள்.

விழா நாளில் பத்துச் சகன் தட்டுகள் பதினேழாம் மாடிக்குப் போயின. யார் யாரோடு இருப்பது என்று தீர்மானிக்க உத்தியோகத்தர்களுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. முதலாம் தரத்தில் ஐந்து பேர்தான் இருந்தார்கள்; ஆறாவது இடத்துக்கு யாரை எடுப்பது என்று பதவிநிலைப் பட்டியலைக் கொண்டுவந்து வாசித்தார்கள். இரண்டாம் தரத்தவர்கள் தங்களுக்குள் மூப்பைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். புரியாணியின் ஆவி குறைந்துகொண்டு போனது. கடைசியில் மஸாஹிரா முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து நின்றாள்.

“ஆறிப்போகுது, இரிங்க எல்லாரும்!”

எல்லோரும் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்தினார்கள். அப்படித்தான் பணிப்பாளர் நாயகம் சிவானந்தன், மொழி ஆலோசகர், இரண்டு சாரதிமார், நப்ரீஸ், உயிருடன் உள்ள மூதாதையர் கருமபீடத்து உத்தியோகத்தர் ஆகிய ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி வந்துசேர்ந்தார்கள். கைகள் தட்டுக்குப் போய்வந்தன.

மூன்றாவது பிடியில் சிவானந்தன் கண்ணை மூடினார். திறந்தபோது அவை லேசாகக் கலங்கியிருந்தன.

“அம்மா,” என்று மஸாஹிராவைப் பார்த்துச் சொன்னார், “இந்தக் கைப்பக்குவம் பரம்பரை பரம்பரையா வந்தால்தான் வரும். உங்கட மூதாதையர் ஆர்? நாங்கள் ஒரு விசேட நிரல் உருவாக்கலாம்.”

“இல்ல சேர்,” என்றாள் மஸாஹிரா. “யூடியூப்ல பாத்த.”

சிவானந்தன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, அவசரப்படுவது தங்கள் பண்பாடு அல்ல என்பதை மறந்து, நப்ரீஸின் கை போவதற்குள் இறைச்சித் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.